எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்

அரியலூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், பெண்கள் வார்டில் காலை மாத்திரைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. வார்டுக்குள் நான் எடுப்பதில்லை. நின்று நின்று மறுபடியும் அடித்ததால் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். நசீமாக்காவின் கணவர் அன்வர் அண்ணன் பேசினார்.

"செல்வி, நசீமா மவுத்தாயிட்டாம்மா. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். முடிஞ்சா வா."

அவ்வளவுதான் சொன்னார். மாற்று ஆள் வந்து சேரும் வரை வார்டை விட்டுக் கிளம்ப முடியவில்லை. பஸ் மாறி லப்பைக்குடிக்காட்டுக்குப் போய் இறங்கியபோது, அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. நசீமாக்கா படுத்திருந்த கட்டிலை அதற்குள் மடக்கிச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் அவரோடு பார்மசி டிப்ளமோ படித்தவர்கள். சிலர் பெரம்பலூரில் அந்த நர்சிங் ஹோமில் எங்களோடு வேலை பார்த்தவர்கள். பலர் அவருடைய மருந்துக்கடை ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றவர்கள். "இந்தம்மா மருந்து கொடுக்கிறதுக்குள்ள நோயே சரியாயிடும்" என்று முனகியவர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவர் ஏன் அப்படித் தாமதப்படுத்தினார் என்பது டாக்டரின் அறை வாசலில் நர்ஸாக உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். எங்கள் டாக்டருக்கும் அவருக்கும் நடுவில் ஏழெட்டு வருடம் இருந்தவள் நான்.

அவர் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்று ஆறாம் வருடம். மருந்துக்கடை நர்சிங் ஹோமின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே ஒரு நாற்காலி போட்டால் இன்னொருவர் நிற்க இடமிருக்காது. பதிவு பெற்ற மருந்தாளுநர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டால்தான் கடையில் மருந்து கொடுக்கலாம் என்பது சட்டம். பதிவு பெற்றவர் எழுந்து போனால் கடையைச் சாத்த வேண்டும். ஊரில் பாதிக் கடைகளில் அந்தச் சட்டம் எப்படி நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும். சான்றிதழ் சுவரில் தொங்கும், சான்றிதழுக்கு உரியவர் எங்கோ வேறு வேலை பார்ப்பார்.

எங்கள் மானேஜர் டாக்டரின் மைத்துனர். அவரும் முதல் வாரத்திலேயே அதைத்தான் சொன்னார். "எதுக்கும்மா தெனமும் லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து பஸ்ல அலையிறீங்க? சர்டிபிகேட்ட மாட்டிட்டு வூட்ல இருங்க. சம்பளம் வந்துரும்."

நசீமாக்கா சிரித்தபடி சொன்னார்: "செத்தவங்களத்தாங்க சுவத்துல மாட்டுவாங்க. நான் இருக்கேன்ல. உக்காந்துக்கிறேன்."

சவுதியில் இருந்த அன்வர் அண்ணனுக்கும் மானேஜர் சொன்னதுதான் பிடித்திருந்தது. நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து, "அவங்களே வர வேணாங்கிறப்போ உனக்கென்ன புடிவாதம்?" என்று கேட்பார். அந்தப் போன் என் மேசைக்குத்தான் வரும். நசீமாக்கா குரலைத் தணித்துப் பேசிவிட்டு வைப்பார். "என்ன சொன்னாரு?" என்று கேட்டால், "நல்லா இருக்காராம்" என்பார். பிறகு போய் உட்கார்ந்துகொள்வார். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குச் சாத்தும்வரை அந்த நாற்காலிதான். ஒருமுறை கால் வீங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்த நாற்காலியைவிட அவரைக் கட்டிப்போட்டது வேறொன்று. டாக்டர் சீட்டில் எழுதியதை மருந்தாளுநர் மாற்றக் கூடாது. எழுதிய மருந்துக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைக்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். இதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "அது சரியான சட்டம் செல்வி. ஆளாளுக்கு மாத்துனா என்னாகும்?" என்பார். அவருக்கு இருந்த கஷ்டம், கேட்பதற்கு வழி இல்லாமல் போனதுதான்.

ஆரம்பத்தில் வழி இருந்தது. மருந்துக்கடைக்கும் டாக்டர் அறைக்கும் ஒரு இன்டர்காம் உண்டு. நசீமாக்கா அதை நிறைய உபயோகித்தார். எழுத்துப் புரியவில்லை, அளவு போடவில்லை, ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்பார். டாக்டர் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருக்கும்போது அது கிர்ரென்று அடிக்கும். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் பிரசவச் சிக்கல் என்றால் கூப்பிடக்கூடிய கை அவருடையதுதான். காலையில் ஓ.பி., மதியம் ஆபரேஷன், மறுபடி ஓ.பி. சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். அவருக்கு அந்த மணி ஒரு கொசுவைப் போல ஆகிவிட்டது.

அந்த வழி அறுந்துபோன நாள் நன்றாக நினைவிருக்கிறது. மூச்சிரைப்போடு வந்த ஒரு பெரியவருக்கு டாக்டர் ஒரு மாத்திரையை வழக்கத்தைவிடப் பல மடங்கு அளவில் எழுதியிருந்தார். கை தவறிப் பூஜ்யம் ஒன்று கூடிவிட்டது என்று நினைத்து நசீமாக்கா மருந்தை நிறுத்தி வைத்து இன்டர்காமில் கேட்டார். டாக்டர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே நோயாளிகள் இருந்தார்கள்.

"தெரிஞ்சுதான் எழுதுனேன். ரெண்டு நாளைக்கு அந்த அளவு வேணும், அப்புறம் குறைப்பேன். நீங்க டாக்டரா நான் டாக்டரா?"

"நீங்கதான் சார். என் கணக்கு தப்பு. தப்பா நெனைச்சதுக்கு வருத்தப்படுறேன். கேட்டதுக்கு வருத்தப்பட முடியாது சார்."

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து இன்டர்காம் வயரைக் கழற்றிக்கொண்டு போனார். ஓ.பி. நேரத்தில் மருந்துக்கடையிலிருந்து யாரும் உள்ளே வரக் கூடாது, எதுவானாலும் முடிந்த பிறகு என்று எனக்கு உத்தரவு. ஓ.பி. முடியும்போது, சந்தேகத்துக்கு உரிய சீட்டு மூன்று ஊர் தாண்டிப் போயிருக்கும். அதன் பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் போக அவருக்கு இருந்த ஒரே வழி நான்தான். அவருடைய கேள்விக்காகக் கதவைத் திறக்க எனக்கும் அனுமதி இல்லை.

இப்படிச் சில வருடங்கள் போயின. அதற்குள் அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். மருந்தை எடுத்து வைத்துவிட்டு, கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும், "முன்ன எப்பவாச்சும் எந்த மாத்திரையாச்சும் ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்பார். வரிசை நீளும். மானேஜர் எட்டிப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

குன்னத்துப் பக்கம் பருத்திக் காட்டில் வேலை பார்க்கும் வளர்மதி என்ற பெண் தன் கணவனோடு வந்த சாயங்காலம்தான் எல்லாம் ஒன்றாக வந்து இறுக்கியது. காலில் முள் குத்திச் சீழ் வைத்துக் காய்ச்சல். டாக்டர் அவளைப் பார்த்து மருந்து எழுதிய கையோடு, அவசரமாக வந்த ஒரு பிரசவத்துக்காக ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். வளர்மதி ஜன்னல் முன்னால் நின்று அந்த வெள்ளை மாத்திரையைப் பார்த்தாள். நசீமாக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இதே மாதிரி பெருசா ஒரு மாத்திர, போன வருசம் எங்கூர்ல குடுத்தாங்க. வாயெல்லாம் வெந்துடுச்சுக்கா. கண்ணு தொறக்க முடியல. தோலு உரிஞ்சுக்கிட்டு வந்துச்சு."

எனக்கு ஆள் விட்டார். நான் போனபோது நசீமாக்காவின் முகம் வெளுத்திருந்தது. சல்பா மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும், இரண்டாம் முறை சாப்பிட்டால் முதல்முறை போல விட்டுவிடாது என்றார். "செல்வி, தியேட்டர்ல போய் ஒரு வார்த்த கேளு. 'சல்பா ஒத்துக்காது, மாத்திக்கலாமா'ன்னு. ஆமான்னு ஒரு வார்த்த போதும், கையெழுத்த அப்புறம் வாங்கிக்கலாம்."

தியேட்டர் சிஸ்டர் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். "வயித்தத் தொறந்து வச்சிருக்கு. ரத்தம் நிக்கல. இப்ப போயி எவ காலுக்கோ மாத்திரையக் கேட்கச் சொல்றியா?" என்று சொல்லிச் சாத்திவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

நான் திரும்பியபோது வளர்மதியின் கணவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மருந்து குடுக்கிறீங்களா, இல்ல சீட்டக் குடுக்கிறீங்களா?"

"தம்பி, கொஞ்சம் பொறுங்க. டாக்டர் வெளிய வந்துரட்டும்."

"பஸ் போயிரும்மா. மாடு கட்டுத்தறியில கெடக்கு. நீங்க குடுக்கலன்னா ஊர்ல வேற கடையே இல்லையா?"

நசீமாக்கா சீட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்த மாத்திரையைக் கொடுக்க மனம் வரவில்லை. வேறு மாத்திரையைக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை. கொடுக்க மாட்டேன் என்று சீட்டைத் திருப்பினால், கேள்வி கேட்காத பக்கத்துக் கடையில் அதே மாத்திரை உடனே கிடைக்கும். சீட்டை வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை கிடையாது, அது அவர்களுடையது. மானேஜர் சத்தம் கேட்டு வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. நசீமாக்காவின் விரல்களுக்கு நடுவிலிருந்து சீட்டை உருவி, வளர்மதியின் கணவனிடம் கொடுத்தார். "போறவன் நாலு பேருட்ட சொல்லுவான். இப்படிக் கேள்வி கேட்டே எல்லாரையும் வெரட்டிருங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார்.

நான் என் மேசைக்கு வந்தேன். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. கூட்டம் நிற்கும் நேரத்தில் அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தபோது, வெள்ளைக் கோட்டோடு முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நசீமாக்கா வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

அவர் போன இடத்தில் நடந்ததைப் பின்னால் அவரும் சொன்னார், வளர்மதியும் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் குன்னம் பஸ் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. நசீமாக்கா ஓடிப்போய் ஏறிக்கொண்டார். கணவனின் சட்டைப் பையில் பக்கத்துக் கடையில் வாங்கிய மாத்திரைப் பொட்டலம் இருந்தது.

"இந்த மாத்திர வேணாம் தம்பி. போன தடவ வந்தது திரும்ப வரும். இந்தத் தடவ வாயோட நிக்காது."

"டாக்டர விட ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் அவரக் கேக்கணும்ங்கிறேன். காலைல வாங்க. நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்."

பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. கண்டக்டர் டிக்கெட் எடுக்கச் சொன்னார். கணவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். வளர்மதிதான் அவன் சட்டைப் பையில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். "எனக்குத்தான வாயி வெந்துச்சு. ஒனக்கா வெந்துச்சு?" என்று சொல்லி, நசீமாக்காவின் கையில் வைத்தாள். நசீமாக்கா நாலு ரோட்டில் இறங்கி நடந்தே திரும்பினார்.

இதே நேரத்தில் இங்கே தியேட்டர் கதவு திறந்தது. பிரசவமான பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. உள்ளே இருந்த ஊசி மருந்து தீர்ந்துவிட்டது. "கீழ போய் வாங்கிட்டு ஓடியா" என்று சிஸ்டர் கத்தினார். நான் படியிறங்கி ஓடினேன். ஷட்டர் பூட்டியிருந்தது. சாவி நசீமாக்காவிடம். மருந்து எங்கோ தூரத்தில் இல்லை, அந்தத் தகரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஷட்டரை இரண்டு கையாலும் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று தெரியவில்லை. பிறகு ரோட்டுக்கு ஓடினேன். முதல் கடையில் இல்லை. அடுத்த கடையில் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு நான் மறுபடி படியேறியபோது, அந்தப் பெண்ணின் அம்மா மாடி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

அந்தப் பெண் பிழைத்தாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் அடங்கிய பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மானேஜரும் இருந்தார். டாக்டரின் கையில் இன்னும் கையுறைப் பவுடர் ஒட்டியிருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"நசீமா, உள்ள ஒருத்தி உசுரு போய்க்கிட்டிருந்துச்சு. கடை பூட்டியிருக்கு. செல்வி வர்றதுக்குக் கொஞ்சம் பிந்தியிருந்தா நான் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?"

நசீமாக்காவுக்கு அதுவரை அது தெரியாது. திரும்பி வந்ததும் ஷட்டர் முன்னால் மானேஜர் திட்டியதை, வரிசை நிற்கும்போது கடையைச் சாத்தியதற்கு என்றுதான் நினைத்திருந்தார். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

"அந்தப் புள்ள...?"

"இருக்கா."

பிறகு நசீமாக்கா பஸ்ஸில் நடந்ததைச் சொன்னார். பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் அங்க இருந்திருக்கணும் சார். பஸ்ஸுக்கும் போயிருக்கணும். ரெண்டையும் நான் எப்படி சார் செய்யிறது? எனக்கு ஒரு ஒயர் இருந்தாப் போதும். தியேட்டர்ல வேணாம், அங்க நீங்க பேச முடியாதுன்னு எனக்கும் தெரியும். அந்தப் பொண்ணு என் ஜன்னலுக்கு வர்றதுக்கு முன்னாடி, உங்க ரூம்லயே ஒத்துக்காதது உண்டான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சீட்டே அப்படி வந்திருக்காது."

"ஒவ்வொரு சீட்டுக்கும் டாக்டர் கடைக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கணும்னு சட்டத்துல எழுதியிருக்கா?" இதைக் கேட்டவர் மானேஜர்.

நசீமாக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. டாக்டரைப் பார்த்தே சொன்னார்: "நான் மாத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கு சார். உங்களக் கேக்கணும்னு இருக்கு. நான் கேட்டா நீங்க காது குடுக்கணும்னு எங்கயும் எழுதல. அது எழுதாம விட்டதனாலதான் உங்கள்ட்ட நேரா கேக்கிறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "காலைல அந்தப் பொண்ண அனுப்புங்க" என்றார்.

வளர்மதி காலையில் வந்தாள். டாக்டர் அவளிடம் நிதானமாகக் கேட்டு, மாத்திரையை அடித்துவிட்டு வேறு எழுதினார். அன்றிலிருந்து, ஒத்துக்காத மருந்து உண்டா என்று நான் வாசலிலேயே கேட்டுச் சீட்டின் தலையில் எழுதி அனுப்ப வேண்டும் என்று சொன்னார். அது பெரிய காரியம். ஆனால் இன்டர்காம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடு வந்தது: நசீமாக்காவுக்குச் சந்தேகம் வந்தால் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். நோயாளி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே விடலாம்.

அந்தக் கேள்விக்குறியோடு வந்தவர்களும் உண்டு; அப்படியே வாசலைத் தாண்டிப் பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு. போகிறவர்களை நசீமாக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்திருக்க மாட்டார். நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருப்பார். "அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. எந்தப் பக்கம் எந்திரிச்சாலும் ஒருத்திய விட்டுட்டுத்தான் எந்திரிக்கணும்" என்று ஒருநாள் சொன்னார். பூட்டிய ஷட்டரை அவர் மறக்கவே இல்லை. அந்தப் பிரசவத்தில் பிறந்த குழந்தையைத் தடுப்பூசி போட அழைத்து வரும்போதெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஏன் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது.

அவரை வேலையை விட்டு அனுப்ப மானேஜர் முயன்றார். வேறு மருந்தாளுநரைத் தேடினார். கிடைத்தவர்கள் சான்றிதழை அனுப்பத் தயாராக இருந்தார்கள், உட்காரத் தயாராக இல்லை. அப்போது வந்திருந்த மருந்து இன்ஸ்பெக்டர் கறாரானவர். ஆள் இல்லாத கடையை மூடிவிடுவார். நசீமாக்காவும் வேறு இடம் தேடினார். அவரைக் கூப்பிட்ட கடைகளுக்கும் சுவரில் மாட்டத்தான் அவர் தேவைப்பட்டார். "அவங்களால என்னய வெளிய தள்ள முடியல. என்னால வெளிய போக முடியல. ஒரே கூண்டுக்குள்ள எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் மொறைச்சுக்கிட்டு நிக்கிறோம்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

எனக்கு அரியலூரில் அரசு வேலை கிடைத்துப் போன பிறகும் அவர் அங்கேயே இருந்தார். அன்வர் அண்ணன் சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து, இனி வேலை வேண்டாம் என்று சொன்னபோதும் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் நாற்காலியை விட வைத்தது உடம்புதான். மார்பில் கட்டி. திருச்சியில் ஆபரேஷன், பிறகு ஊசிகள், பிறகு வீடு.

கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முக்காட்டுக்குள் முகம் சின்னதாக இருந்தது. பக்கத்தில் இரண்டு மாத்திரை அட்டைகள். இரண்டையும் என்னிடம் கொடுத்து வெளிச்சத்தில் படிக்கச் சொன்னார். பெயர் வேறு வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்று. வலிக்கான மருந்து.

"போன மாசம் ஒண்ணு எழுதுனாங்க. இப்ப இதையும் எழுதியிருக்காங்க. பழசப் பாக்காம எழுதிட்டாங்களோன்னு இருக்கு. போன் போட்டா யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க."

"ஒண்ண நிறுத்திருங்கக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"எழுதுனவரக் கேக்காம எப்படி? வலியில கெடக்கிறவ போடுற கணக்கு சரியா இருக்குமா செல்வி?" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இத்தன நாளு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். இந்தப் பக்கம் இப்படி இருக்கும்னு தெரியல" என்றார்.

அன்வர் அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கத்தன்று அவர்தான் மீதியைச் சொன்னார். நான் போய்விட்டு வந்த மறுநாள், அவர் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறியிருக்கிறார். நோயாளி இல்லாமல் டாக்டரைப் பார்க்க முடியாது என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். நாள் முழுக்க அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்திருக்கிறார். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தபோது குறுக்கே போய் நின்று அட்டைகளை நீட்டினாராம்.

"அவரு பாத்தாரும்மா. 'தெரிஞ்சுதான் எழுதுனேன்'னாரு. 'எலும்புக்குப் பரவிடுச்சு, இனிமே வலி கூடிக்கிட்டேதான் போகும், அதுக்குத்தான் ரெண்டும்'னாரு. எங்க யாருக்கும் அது வரைக்கும் அத யாரும் சொல்லல. பஸ்ல வரும்போது, வூட்ல போய் என்ன சொல்றதுன்னு தெரியாம வந்தேன். 'ஆமா, தப்பா எழுதிட்டாராம், ஒண்ண நிறுத்தச் சொன்னாரு'ன்னு சொல்லிரலாமான்னு இருந்துச்சு."

"சொன்னீங்களா?"

"வாசல்ல நுழையிறப்பவே, 'என்ன சொன்னாரு'ன்னு கேட்டா. மூஞ்சியப் பாத்துட்டு, 'அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க, மாத்தாதீங்க'ன்னா. சொன்னேன். ரெண்டு மாத்திரையையும் வாங்கிப் போட்டுக்கிட்டா. 'இப்ப சரி. இனிமே பயமில்ல'ன்னா." அன்வர் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கதவுக்கு வெளிய ஒரு நாளு உக்காந்தேன் செல்வி. இவ எத்தன வருசம் உக்காந்தா."

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து பஸ் நேரத்தைச் சொன்னார்.

நசீமாக்காவைப் பற்றி எழுதினால் அவர் எதையோ வென்றதாக முடிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. அப்படி எதுவும் நடக்கவில்லை. நர்சிங் ஹோமில் இன்னொருவரின் சான்றிதழ் தொங்குகிறது. ஜன்னலில் கேள்வி கேட்பவர் இல்லை, வரிசை வேகமாக நகர்கிறது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. கேட்க வேண்டியவருக்கு ஒரு வரி எழுதியவர்கள் பதில் சொல்ல வேண்டியவருக்கு எதுவும் எழுதவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது. பெரம்பலூரில் கேள்விக்குறி போட்ட சீட்டோடு கதவைத் திறக்கும்போதெல்லாம் நான், "மெடிக்கல்ல கேக்கிறாங்க சார்" என்றுதான் சொல்வேன். கோபம் வந்தால் அது என்னைத் தாண்டி மாடிப்படிக்குக் கீழே போகட்டும் என்று. போன வாரம், எங்கள் மருந்துப் பிரிவிலிருந்து ஒரு சீட்டு என் வார்டுக்குத் திரும்பி வந்தது. அளவில் சந்தேகம். டாக்டர் ரவுண்ட்ஸில் இருந்தார், பின்னால் மாணவர்கள் கூட்டமாக நின்றார்கள். நான் நடுவில் போய் நின்றேன். "யாரு சந்தேகப்படுறது?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சீட்டுக்காகக் கையை நீட்டும் வரை நான் வழியை விடவில்லை.